ஆரத்தி சிவக்காத வெள்ளிக்கிழமை

எனக்கு வேதியியல் பட்டம் கொடுத்த கல்லூரி, "தெரியாமல் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு" என்று ஆளனுப்பினால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், அதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகட்டும். மூன்று வருடம் படித்ததில் அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை. பாஸ் பண்ணினேன். பிடிபடுவதும் பாஸ் பண்ணுவதும் வேறு வேறு என்று நம் நாட்டில் படித்த யாரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் முழுக்க என்மேல் மட்டும் இல்லை. முதல் வருடம், தண்ணீரில் ஹைட்ரஜன் அயனியைத் தந்தால் அமிலம், ஹைட்ராக்சைடைத் தந்தால் காரம் என்றார்கள். சரி என்று மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் இரண்டாம் வருடம் இன்னொரு வெள்ளைக்காரர் வந்துவிட்டார். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்றார். மூன்றாம் வருடம் மூன்றாமவர் வந்து, அதெல்லாம் கிடக்கட்டும், எலக்ட்ரான் ஜோடியைப் பார் என்றார். கொடுப்பது யார், வாங்குவது யார் என்பதே தலைகீழாகிவிட்டது. பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்துக்குப் போனவன் மாதிரி மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு, கேட்ட கேள்விக்குக் கேட்ட வரையறையை எழுதி வெளியே வந்தேன்.

சோதனைச் சாலையில் நான் இன்னும் பிரமாதம். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும், குடுவையில் இளஞ்சிவப்பு லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். என் குடுவையில் எட்டிப் பார்த்தல் எல்லாம் கிடையாது. நேற்றுவரை நிறமில்லாமல் இருந்தது இன்று கல்யாணப் புடவை நிறத்தில் வந்து நிற்கும். பக்கத்து மேசைக்காரனின் அளவை எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வேன். எட்டிப் பார்த்தல் என்ற கலையில் எனக்கிருந்த ஒரே தேர்ச்சி அதுதான்.

இந்தத் தகுதியோடு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தேன். மருந்துக் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி என்று ஏறி இறங்கினேன். எந்தக் கம்பெனியும் என்னை எடுக்கவில்லை என்பது மக்கள் நலனைப் பார்த்தால் நல்லதுதான். கடைசியில் நீலசந்திராவில் ஒரு டுட்டோரியலில், எஸ்.எஸ்.எல்.சி. தவறிய பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கும் வேலை கிடைத்தது. பரீட்சையில் விழுந்தவர்களை எழுப்ப என்னைப் போட்டார்கள். கழுத்தில் டை கட்டிக்கொண்டு போவேன். தெருவில் பிள்ளைகள் "சார்" என்றதும் எனக்குத் தலைகால் புரியாது.

தங்கியது அக்கா வீட்டில். அதே நீலசந்திராவில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகப் பிரித்த வீடுகளில் ஒன்று. அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். ஓசூர் ரோடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். அதிகம் பேசாத மனுஷன். அந்த வீட்டில் அப்போது யாருமே அதிகம் பேசவில்லை.

காரணம் இதுதான். நான் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் அக்காவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் அக்கா அழுது நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. சமைப்பாள், துவைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். சின்ன வயதில் என்னைத் தெரு முழுக்கத் துரத்தி அடித்த அக்கா அவள். அந்த அடியை வாங்குவதற்காகவாவது அவளைப் பழையபடி ஆக்கிவிட முடியாதா என்று எனக்கு இருந்தது.

அம்மாவுக்குத் துக்கத்தோடு ஒரு கேள்வியும் இருந்தது. எங்கே விட்டோம்? எந்த முறையைச் செய்யாமல் விட்டோம்? குடியாத்தத்தில் இருந்தபடியே அதை யோசித்துக்கொண்டிருந்தாள். அக்கா மறுபடி உண்டானதும், அப்பாவை ஓட்டல் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டுப் பெங்களூர் வந்து உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை ஒன்றும் தவறக் கூடாது. இன்ன கிழமையில் தலைக்கு ஊற்றக் கூடாது, இன்ன நேரத்தில் வாசலில் நிற்கக் கூடாது, யார் வந்து "எத்தனாவது மாசம்" என்று கேட்டாலும் சரியாகச் சொல்லக் கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். குழந்தைக்கென்று ஒரு துணிகூட வாங்க விடவில்லை. அது மட்டும்தான் அவளாகச் சொன்னது.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அக்கா படுத்தபடியே, குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். நான் இருந்த நேரம் முழுக்க அந்த விரலை எடுக்கவில்லை. அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மூக்கு உன்ன மாதிரியே இருக்குக்கா" என்றேன். அவள் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். காலையில் ஃபிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு போன என்னை அம்மா வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ராகு காலம் முடிஞ்சப்புறம்தான் கெளம்புவோம். நீ போயி ஆரத்தி கரைச்சு வெச்சிரு. பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கேன், அவங்க சுத்துவாங்க. மஞ்சள் வீட்ல இருக்குது. சுண்ணாம்பு மட்டும் மூலைக் கடையில வாங்கிக்கோ. கேக்குதா? சுண்ணாம்பு."

"கேக்குதும்மா."

"நல்லா செவக்கணும்டா. தானா செவக்கணும். செவந்தாத்தான் கண்ணு கழியும்."

இங்கேதான் என் படிப்பு வாயைத் திறந்தது. "அது கண்ணும் இல்ல, மண்ணும் இல்லம்மா. மஞ்சள் ஒரு இண்டிகேட்டர். சுண்ணாம்பு ஒரு பேஸ். பேஸ் பட்டா மஞ்சள் செவக்கும். அவ்ளோதான் மேட்டர்" என்றேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு. மறந்துடாத" என்றாள்.

மறக்கவில்லை. அதுதான் விஷயம். மறந்திருந்தால் மனுஷ சுபாவம் என்று விட்டுவிடலாம். நான் யோசித்தேன். மூலைக் கடை பீடா கடை. தெருவைத் தாண்டிப் போக வேண்டும், வெயில், சட்டை வேறு இஸ்திரி போட்டது. சுண்ணாம்பு ஒரு காரம். காரம் என்றால் எந்தக் காரமாக இருந்தால் என்ன? சமையலறையில் அம்மா போண்டாவுக்கு வாங்கி வைத்த ஆப்பசோடா இருக்கிறது. அதுவும் காரம்தானே. சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானம் துணைக்கு வந்தால் மனுஷனுக்கு எவ்வளவு தெம்பு வருகிறது என்பதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

மதியம் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். அழகான மஞ்சள். ஒரு கரண்டி ஆப்பசோடா போட்டேன். கலக்கினேன். சிவக்கவில்லை. ஒரு மாதிரி மங்கிப்போய், ஆஸ்பத்திரி டானிக் நிறத்தில் நின்றது. பத்தவில்லை என்று இன்னொரு கரண்டி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பொட்டலத்தையே கவிழ்த்தேன். பாதி அடியில் போய் மண் மாதிரி படிந்ததே தவிர, மேலே டானிக் டானிக்காகவே இருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வாரம்தான் டுட்டோரியலில் இதே பாடத்தை நடத்தியிருந்தேன். ஸ்ட்ராங் பேஸ், வீக் பேஸ். "வீக் என்றால் கொஞ்சம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு கொட்டினாலும் வீக் பேஸ் வீக்காகவேதான் இருக்கும்" என்று நானே டை கட்டிக்கொண்டு உரக்கச் சொல்லி, பிள்ளைகளை அடிக்கோடு போட வைத்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் அதைக் கவனிக்காத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. ஆப்பசோடா கொஞ்சம் காரம், சுண்ணாம்பு நிறையக் காரம், ஆக கொஞ்சத்தை நிறையப் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான் மூன்று வருடமும் என் மண்டைக்குள் இருந்த கணக்கு. அது தப்பு என்று அந்தத் தாம்பாளம் சொன்னபோதுதான் முதல்முறையாகப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தை அனுபவிக்கத்தான் நேரமில்லை.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்த ஆப்பசோடாத் தண்ணீரை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டிருந்தால் போதும், அதிலிருந்து வாயு பிரிந்து அது சலவைச் சோடாவாக மாறி, மஞ்சளை ஜோராகச் சிவக்க வைத்திருக்கும். பக்கத்திலேயே அடுப்பு இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. இல்லாதது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வீம்பை விட்டுவிட்டு மூலைக் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். அடுத்த கடையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ராகு காலம் முடிகிற நேரம் பார்த்த அம்மாவுக்கும், தொழுகை நேரம் பார்த்த கடைக்காரர்களுக்கும் நடுவில் நேரமே பார்க்காத நான் மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்.

"ஏன்ப்பா இது, ஆரத்தியா, மோர்க்குழம்பா?"

சொன்னேன்.

"அய்ய, இதுக்கா இவ்ளோ? சும்னே கொஞ்சம் குங்குமம் கலந்துடு. எங்க வீட்ல எல்லாம் அப்படித்தான். யாருக்கு கொத்தாகுது?"

யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். அம்மாவுக்குத் தெரியும். குங்குமம் கரைத்த தண்ணீரை அவள் நிறத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். தானாகச் சிவக்கணும் என்று அவ்வளவு சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் ஏமாற்றியது தெரிந்து, நாளைக்குக் குழந்தைக்குச் சாதாரணமாக ஒரு சளி பிடித்தால்கூட அவள் மனதில் அது எங்கே போய் நிற்கும் என்று நினைத்துக் குங்குமத்தை எடுக்காமல் விட்டேன். அம்மாவைவிட அக்காவை நினைத்துத்தான். அந்த விரல்.

என் பையில் சாக்பீஸ் இருந்தது. சுண்ணாம்பும் கால்சியம், சாக்பீஸும் கால்சியம். இரண்டு துண்டை அம்மிக்கல்லில் வைத்து நுணுக்கிப் போட்டேன். மஞ்சள் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஆன்ட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். இப்போது நிஜமாகவே மோர்க்குழம்பு மாதிரிதான் இருந்தது.

அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக மஞ்சள் கரைத்தேன். அப்போதுதான் குளியலறை வாசலில் துணி துவைக்கிற பவுடர் கண்ணில் பட்டது. சாம்பார் கறை பட்ட பனியனைச் சோப்பில் நனைத்தால் கறை ரத்தம் மாதிரி சிவக்குமே. அக்கா துவைக்கும்போது எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பொட்டலத்தைத் தூக்கினால், அதன்மேல் பெரிதாக எலுமிச்சம்பழம் படம் போட்டு, எலுமிச்சையின் ஆற்றல் அடங்கியது என்று எழுதியிருந்தது. நின்றுவிட்டேன். எலுமிச்சை அமிலம். அமிலம் காரத்தைச் சமன் செய்துவிடும். வாசலில் ஆட்டோ வந்து நிற்கப்போகிற நேரத்தில், சோப்புக் கம்பெனிக்காரன் உண்மையிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பானா என்று பட்டதாரி நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

"ஆட்டோ பந்த்து!" என்று ஆன்ட்டி வாசலிலிருந்து கத்தினார். வந்துவிட்டதாம். ஒரு கை அள்ளிப் போட்டேன்.

சிவந்தது. என்னவென்று சொல்ல! போட்ட இடத்திலிருந்து சிவப்பு சுருள் சுருளாகப் பிரிந்து தாம்பாளம் முழுக்கப் பரவியது. என் வாழ்நாளில் நான் செய்து ஒழுங்காக நடந்த முதல் சோதனை அது. சந்தோஷம் தாங்காமல் கரண்டியைப் போட்டு வேகவேகமாகக் கலக்கினேன். கலக்கியிருக்கக் கூடாது. நுரை கிளம்பியது. மேலே ஊதினேன், கையால் வழித்தேன், வழிக்க வழிக்க வந்தது. ஆன்ட்டி தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெற்றிலையை மேலே போட்டுக் கற்பூரத்தை ஏற்றி வாசலுக்கு ஓடினார். நுரைமேல் வெற்றிலை ஒருபக்கமாகச் சாய்ந்து, கற்பூரம் எந்த நேரமும் விழுந்துவிடுவேன் என்கிற மாதிரி எரிந்தது.

மாமா பைகளை இறக்கினார். அம்மா முதலில் இறங்கினாள். அக்கா குழந்தையோடு மெல்ல இறங்கி, தையல் வலியில் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, நொர பொங்குது?"

"செவந்திருக்கு பாரும்மா. தானாத்தான் செவந்துது."

அம்மா குனிந்து முகர்ந்தாள். "துணிப் பவுடரா?" குரல் உடைந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், கோபமில்லை. "ஒரே ஒரு வேல சொன்னேன்டா. இந்தத் தடவ ஒண்ணும் தப்பக் கூடாதுன்னு தானேடா இவ்ளோ தூரம் வந்து கெடக்கறேன். கொட்டு அத. சுண்ணாம்பு வாங்கிட்டு வா."

"கடை மூடியிருக்கும்மா. தொழுகை."

"தொறக்கட்டும். தொறக்கற வரைக்கும் இவ உள்ள வர வேணாம்."

மாமா இறக்கி வைத்த பைகளை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். குழந்தை சிணுங்கியது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, காற்றில் ஆடியபடி வந்து, அக்கா மூக்குக்கு முன்னால் நின்று, பட்டென்று உடைந்தது. அக்கா கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மாமா பதறிக்கொண்டு கிட்டே போனார். அழவில்லை. சிரிக்கிறாள். தையல் வலிக்க, "அம்மா, அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரிக்கிறாள்.

சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இத்தயே சுத்தச் சொல்லும்மா" என்றாள்.

"வேணாம்டி. மொறப்படி..."

"போன தடவ நீதான் கரைச்ச. சுண்ணாம்பு போட்டுத்தான் கரைச்ச. ரத்தமாட்டம் செவந்துதான் இருந்துது. நான் பாத்தேன்."

அதை அவள் சண்டையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னாள். ஆட்டோக்காரர்கூட வண்டியைக் கிளப்பவில்லை. அம்மா அப்படியே நின்றாள். எங்கே விட்டோம் என்று இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, எங்கேயும் விடவில்லை என்று அவள் மகளே சொல்லிவிட்டாள். அது ஆறுதலா, அதைவிடப் பெரிய இடியா என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பிறகு ஆன்ட்டியின் கையிலிருந்த தாம்பாளத்தை அம்மாவே வாங்கினாள். மூன்று சுற்று சுற்றினாள். சுற்றிய வேகத்தில் நுரை இரண்டு பக்கமும் வழிந்தது. சுற்றி முடித்து, விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டு அக்கா நெற்றியில் வைத்தாள். மறுபடி தொட்டு, விரலைக் குழந்தையின் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"வெக்காதம்மா! அது ஸ்ட்ராங்கு, கொழந்தைக்கு எரியும்!" என்று கத்திவிட்டேன்.

என் வேதியியல் அறிவால் இந்த உலகத்தில் பலனடைந்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். இப்போது காலேஜில் காமர்ஸ் படிக்கிறாள். எத்தனையோ முறை சொல்லியும் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

அம்மாவின் விரல் குழந்தையின் நெற்றிக்குச் சற்று மேலே அப்படியே நின்றது. வைக்காமல் விட்டால் முறை பாதியில் நிற்கும். அது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அப்புறம் விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். ஒரு முறை துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். துடைத்த வெறும் விரலால் குழந்தையின் நெற்றியைத் தொட்டு, "உள்ள வாம்மா, வெயில் அடிக்குது" என்றாள்.